சிறு துளையும் நீண்ட பயிற்சியும்

பிரிக்பீல்ட்சில் கடை வைத்திருப்பவரானாலும், கிள்ளான் பக்கத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவரானாலும், வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்றதும் எழும் கேள்வி ஒன்றே: மறுபடி எப்போது வேலைக்கு இறங்குவது? சாண் நீளம் கீறிய புண் ஆற வாரக்கணக்காகும். அந்தக் கீறல் சிறு துளைகளாகச் சுருங்கிய வரலாற்றை இன்று காண்போம்.

1901ஆம் ஆண்டு ஜெர்மனியில் கெல்லிங் என்னும் மருத்துவர், ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றை ஏற்றி, சிறு துளை வழியே குழாய்க் கருவியைச் செலுத்தி உள்ளே பார்த்தார். 1910இல் சுவீடன் நாட்டு யாக்கோபேயுஸ் இம்முறையை மனிதரிடம் கையாண்டதை வெளியிட்டார். பல்லாண்டுகள் இது பெரும்பாலும் பார்ப்பதற்கே பயன்பட்டது. 1980இல் ஜெர்மனியின் கூர்ட் செம், துளை வழியாகவே குடல்வாலை அகற்றினார். சக மருத்துவர்கள் கண்டித்தார்கள். 1985இல் எரிக் மூகே பித்தப்பையை அகற்றினார். அவருக்கும் முதலில் எதிர்ப்பே கிடைத்தது.

பின்னர் உலகமே இம்முறையை நாடியது. அங்கேதான் ஆபத்தும் வந்தது. இளமரத்தில் உளியால் குலை வெட்டிப் பழகியவர், உயர்ந்த மரத்தில் நீண்ட கம்பின் அரிவாளைப் பிடிக்கும்போது மீண்டும் கற்க வேண்டும் அல்லவா? அறுவை மருத்துவருக்கும் அப்படித்தான். அவர் தம் கையைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறார். திரையில் ஆழம் தெரியாது. துளையில் ஊன்றிய கருவி துடுப்பைப் போன்றது. கை வலப்பக்கம் போனால் அதன் நுனி இடப்பக்கம் போகும்.

குறுகிய வகுப்புகளில் கற்றுக்கொண்டு சிலர் அவசரப்பட்டதால், பித்தநாளம் அறுபட்ட நோயாளிகள் துன்புற்றனர். ஆகவே 1992இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை, தேர்ந்தவரின் மேற்பார்வையில் 15 முறையாவது செய்து பழகிய பின்னரே தனியாகச் செய்யலாம் என்று வகுத்தது. செம் அவர்களோ முன்னரே பயிற்சிப் பெட்டி ஒன்றை அமைத்திருந்தார். மனித உடலைத் தொடுமுன் அதற்குள் முடிச்சுப் போட்டுப் பழகலாம்.

இந்தியாவில் 1990இல் மும்பையின் உத்வாடியா இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். தமிழகத்தில் இதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சி. பழனிவேலு. இளமையில் இதே மலேசியாவில் கூலித் தொழிலாளியாக உழைத்தவர் அவர். தமிழகம் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்து மருத்துவரானார். கோயம்புத்தூரில் ஜெம் மருத்துவமனையை நிறுவி, மற்ற மருத்துவர்களுக்கும் இக்கலையைக் கற்பித்தார்.

எனவே அறுவைச் சிகிச்சைக்குமுன் தயங்காமல் கேளுங்கள்: "துளைமுறை எனக்கு ஏற்றதா? தாங்கள் இதை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்?" நடுவில் சிக்கல் கண்டு, மருத்துவர் வயிற்றைத் திறந்தே செய்தால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். உயிரைக் காப்பதே முதல். தழும்பின் அளவு அதற்குப் பிறகுதான்.