கலகக் கூட்டத்தின் நடுவில் ஒரு சாந்தம்



1743 அக்டோபர் 20ஆம் நாள். இங்கிலாந்தின் வெட்னஸ்பரி நகரில் ஒரு விசுவாசியின் வீட்டில் ஜான் வெஸ்லி எழுதிக்கொண்டிருந்தார். மெதடிஸ்டுகள்மேல் வெறுப்புக்கொண்ட கூட்டமொன்று வீட்டைச் சூழ்ந்து, போதகரை வெளியே கொண்டுவரும்படி கூச்சலிட்டது. வெஸ்லி அவர்களுடைய தலைவனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துவரச் சொன்னார். சில வார்த்தைகளிலேயே அவனுடைய மூர்க்கம் தணிந்தது. கோபம் மிகுந்தவர்களில் இன்னும் ஓரிருவரை அழைத்துவரும்படி அவனிடமே கேட்டார், அவர்களும் அமைதியடைந்தார்கள். பின்பு வெளியே சென்று, என்ன வேண்டுமென்று கூட்டத்தாரைக் கேட்டார். நீதிபதியிடம் வரவேண்டும் என்றார்கள், மனமுவந்து உடன்சென்றார்.

மழையில் நடந்தே சென்றார்கள். அணுகிய இரு நீதிபதிகளும் படுக்கைக்குச் சென்றுவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்குள் வால்சால் நகரத்தின் கும்பல் வந்து பாய்ந்தது. வெஸ்லியின் மார்பிலும் வாயிலும் அடி விழுந்தது, இரத்தம் வழிந்தது. ஒரு வீட்டிற்குள் நுழைய முயன்றவரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். அந்நிலையிலும், தாம் யாருக்கு என்ன தீங்கு செய்தார் என்று கேட்டு, கால் மணி நேரத்திற்கும் மேலாகப் பேசினார். குரல் அடைத்தது; மீண்டும் குரல் வந்தபோது உரத்த சத்தமாய் ஜெபித்தார். கூட்டத்தை நடத்திவந்தவனே அப்பொழுது மனம் மாறி, அவருக்காகத் தன் உயிரையும் கொடுப்பதாகச் சொல்லி, அவரைக் காத்து நடத்திச் சென்றான். தம் படிப்பறையில் அமர்ந்திருப்பதுபோலவே மனம் தெளிவாயிருந்ததென்று வெஸ்லி தம் நாட்குறிப்பில் எழுதினார்.

இது அவருக்குப் பிறவியிலேயே அமைந்த குணம் என்று எண்ணிவிடாதீர்கள். 1736 ஜனவரியில், ஜார்ஜியாவுக்குச் செல்லும் கப்பலைப் புயல் தாக்கியபோது மரணத்திற்கு அஞ்சியவர் அவர். உடன் பயணித்த மொரேவிய விசுவாசிகளோ, பாய் கிழிந்து கடல்நீர் உட்புகுந்தபோதும் தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தவில்லை. தள்ளினாலும் அடித்தாலும் அவர்கள் முறுமுறுக்காததை அவர் முன்னமே கவனித்திருந்தார். அவர்களிடம் இருந்த ஒன்று தம்மிடம் இல்லையென்று உணர்ந்தார். 1738 மே 24ஆம் நாள், லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூடுகையில், கிறிஸ்து ஒருவரையே நம்பும் நிச்சயம் அவர் உள்ளத்தில் பிறந்தது. வால்சால் தெருவில் கண்ட சாந்தத்திற்கு வேர் அங்கே இருக்கிறது.

சாந்தம் என்பது வாய்மூடி இருப்பதும் அல்ல. பிரதான ஆசாரியன் முன்னிலையில் சேவகன் அறைந்தபோது, தாம் தகாததைப் பேசியிருந்தால் அதை நிரூபிக்கும்படி நம் ஆண்டவர் கேட்டார் (யோவான் 18:22,23). அவர் கோபத்தைத் திருப்பித் தரவில்லை, உண்மையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்பானவர்களே, நம்மைச் சூழும் கூச்சல் பெரும்பாலும் நம் வீட்டிற்குள்ளேயே எழும்புகிறது. சொத்துப் பங்கீட்டில், பிள்ளைகளின் திருமணக் காரியத்தில், சபைக் கமிட்டியில் குரல்கள் உயருகின்றன. அந்த நொடியில் சாந்தத்தைத் தேடினால் அது கிடைப்பது அரிது. நாள்தோறும் பாடிப் பழகியவர்களே புயலிலும் பாடினார்கள். ஆகையால் உங்களோடு மனத்தாங்கலாயிருக்கும் ஒருவருடைய பெயரைச் சொல்லி, இவ்வாரம் ஒவ்வொரு காலையும் ஜெபியுங்கள். அவரைச் சந்திக்கும்போது, உங்கள் முதல் வார்த்தை உண்மையாய்க் கேட்கப்படும் ஒரு கேள்வியாக இருக்கட்டும்.

சமாதானத்தின் தேவன் உங்களனைவரோடும் இருப்பாராக. ஆமென்.