வீதி ஓரிடம், மனை ஓரிடம்: ஸ்ரீரங்கமும் படூரும்

சென்னை ஓ.எம்.ஆரில் படூர்ப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கும் அறுபது வயதுக்காரர்கள் சிலருக்கு ஓர் எண்ணம் உண்டு: "இதை வித்துட்டு ஸ்ரீரங்கத்துல ஒரு வீடு வாங்கிட்டா, கடைசிக் காலத்துல காரே வேண்டாமே." பக்தி பாதிக் காரணம்தான். பாலும் காயும் மாத்திரையும் கோயிலும் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஊரில் காலம் தள்ளவேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி. ஆசை நியாயமானது, பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஸ்ரீரங்கத்தில் வீதி இருக்கிறது, மனையில் தகராறு. படூரில் மனையில் ஒரு பங்கு கிடைக்கிறது, வீதி கிடைப்பதில்லை.

வீதி

முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு ஸ்ரீரங்கம். நடுவில் ஏழு திருச்சுற்றுகளுடன் 156 ஏக்கரில் கோயில். உள்சுற்றுகளில் சன்னதிகள், வெளிச்சுற்றுகளான உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் அடையவளஞ்சானிலும் வீடுகள். மதிலுக்கு உள்ளேயே ஊர் இருக்கிறது.

சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடும், தைத்தேர் உத்திர வீதிகளில் ஓடும். தேர் வளைந்து திரும்ப வேண்டிய அகலம் மற்ற நாட்களில் நடப்பவருக்கு மிஞ்சுகிறது. தெற்குச் சித்திரை வீதி வீட்டிலிருந்து கிளம்பி கோபுர வாசல் பக்கம் திரும்பினால், ரெங்கா ரெங்கா கோபுரத்துக்கும் ராஜகோபுரத்துக்கும் நடுவிலுள்ள கடைத்தெருவிலேயே பூ, வெற்றிலை, மளிகை, காபி எல்லாம் முடிந்துவிடும். 1987இல் கட்டி முடிந்த 236 அடி ராஜகோபுரத்தைத் தாண்டிப் போனால் ஒண்ணாம் நம்பர் பஸ், திருச்சி ஜங்ஷன் பக்கம் போக. சென்னைக்குப் போகவேண்டுமா, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே பல்லவன் எக்ஸ்பிரஸ் நிற்கிறது. எதற்கும் சாவி தேட வேண்டியதில்லை.

இதற்கும் விலை உண்டு. வைகுண்ட ஏகாதசியையொட்டிப் பகல் பத்து, இராப் பத்து என்று மூன்று வாரம் வீதியெல்லாம் ஜனம். ஏகாதசியன்று தடுப்புக் கட்டைகளைத் தாண்டி உங்கள் வாசலுக்கு ஆட்டோ வருவது கஷ்டம். நெஞ்சு வலிக்கிறது என்றாலும் அதே கதைதான்.

படூரில் நிலைமை தலைகீழ். குடியிருப்பின் கேட்டுக்குள் நல்ல நடைபாதை இருக்கும். மாலையில் பெரியவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். நடைப்பயிற்சிக்கு வழியுண்டு, நடந்து போய்ச் சேர ஓரிடம் இல்லை. கேட்டைத் தாண்டினால் ஓ.எம்.ஆர். எதிர்ப்பக்க மருந்துக் கடைக்குப் போகவேண்டும் என்றால் நடுத்தடுப்பு விட்டிருக்கும் இடம்வரை போய், இரு பக்கமும் விரையும் வண்டிகளுக்கு இடையில் காலை வைக்கவேண்டும். மழைக்காலத்தில் சாலையோரம் தண்ணீர் தேங்கினால் அதுவும் இல்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சிறுசேரி சிப்காட்டோடு நின்றுவிடும். படூர் அதற்கு அப்பால். கேளம்பாக்கத்துக்குப் போக 102ஆம் நம்பர் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. ஏறுவதற்குச் சாலையின் சரியான பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதுதான் பாடு.

மனை

இனிப் பத்திரத்துக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் 'அடிமனைப் பிரச்சினை' என்றால் குழந்தைக்கும் தெரியும். கோயிலைச் சுற்றி 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கோயிலுக்கு உரியது என்பது ஒரு தரப்பு. பல தலைமுறையாகக் குடியிருக்கிறோம், கிரயப் பத்திரம் இருக்கிறது, வீட்டுவரி கட்டுகிறோம் என்பது இன்னொரு தரப்பு. மேலே கட்டிய கட்டடம் உங்களுடையது, அடியில் இருக்கும் மண் யாருடையது என்பதே வழக்கு.

இதில் சட்டம் கறாரானது. அறநிலையத் துறைச் சட்டம் 1959இன் 34ஆம் பிரிவுப்படி, கோயில் நிலத்தை விற்பதோ அடமானம் வைப்பதோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ ஆணையரின் அனுமதியின்றிச் செல்லாது. அப்படி அனுமதி இல்லாத பத்திரத்தைப் பதிய மறுக்கும்படி பதிவுச் சட்டத்தில் தமிழகம் சேர்த்த 22ஏ பிரிவு சார்பதிவாளருக்குச் சொல்கிறது. பதிவு இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை. பிள்ளைகள் நாளைக்கு விற்கவும் முடியாது. "எல்லாரும் அக்ரிமெண்ட் போட்டுத்தான் சார் வாங்கறாங்க" என்று தரகர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுவது நல்லது. தீவில் எல்லா மனையும் இந்த வலையில் இல்லை. ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்திலும் கோயில் அலுவலகத்திலும் கேட்டாக வேண்டும்.

படூரில் இந்தப் பயம் குறைவு. ரெரா பதிவு எண், தாய்ப் பத்திரம், திட்ட அனுமதி மூன்றும் சரியாக இருந்தால் பதிவு ஒரு நாள் வேலை. ஆனால் பதிவாவது எவ்வளவு மண்? ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறு வீடுகள் எழுந்தால், தலைக்குச் சுமார் 435 சதுர அடிதான் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத பங்கு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஹாலுக்கு நேர் கீழே உள்ள மண் என்று அதைக் காட்ட முடியாது. நீச்சல் குளத்திலும் செக்யூரிட்டி அறையிலும் கார் போகும் பாதையிலும் கலந்து கிடக்கிறது. கட்டடத்துக்கு வயதாகும், பங்குக்கு ஆகாது என்பதால் முப்பது வருடம் கழித்து அதுதான் சொத்து. இடித்துக் கட்ட எல்லாரும் ஒப்பவேண்டும் என்ற பழைய நிலை மாறி, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் போதும் என்கிறது. ஆகவே விளம்பரத்தில் வரும் சூப்பர் பில்ட்-அப் கணக்கைவிட, பத்திரத்தில் வரும் யுடிஎஸ் கணக்கை இரண்டு முறை படிக்கவேண்டும்.

தண்ணீரும் பாலமும்

மற்ற விஷயங்களில் தராசு இரு பக்கமும் ஆடுகிறது. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளும். பாகம் பிரித்துப் பிரித்து அகலம் சுருங்கியிருக்கும், பழுது பார்க்க ஓடு வேயத் தெரிந்த ஆள் வேண்டும். படூரில் லிஃப்ட் உண்டு, மாதாமாதம் மெயின்டனன்ஸும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் ஆற்று மணல் வடித்துத் தரும் தண்ணீர் குழாயில் வரும். படூரில் கோடையில் பல குடியிருப்புகள் டேங்கர் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. அந்தப் பக்கம் நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கினாலும், பெரும்பங்கு மாநகரை நோக்கித்தான் போகிறது.

தீவுக்கு மட்டும் உரிய கவலை பாலம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்க மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய கொள்ளிடப் பாலமும் சரிந்தது. 2022–23இல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மாதக்கணக்கில் மூடியபோது, திருச்சிக்குப் போக ஊரே சுற்றுவழியில் அலைந்தது. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் இதை யோசிக்காமல் முடியாது.

எதை எங்கே வாங்குவது

வீதியை அனுபவிக்க மனை உங்கள் பெயரில் இருக்கவேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்து வீதிக்கு மாத வாடகையே போதும். ஆகவே படூர் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியேறுவது புத்திசாலித்தனம். ஒத்திக்குப் பெருந்தொகை கொடுக்கவேண்டாம். அடிமனைத் தகராறு உள்ள வீட்டில் ஒத்தியும் பதிவாகாமல் போகும், பணம் மாட்டிக்கொள்ளும். ஒரு மார்கழியை அங்கேயே கழித்துவிட்டு, அதன்பிறகும் மனசு மாறவில்லையென்றால் சர்வே எண்ணோடு தேடத் தொடங்கலாம்.

போகாமல் படூரிலேயே இருப்பவர்களுக்கும் வழி உண்டு. ஸ்ரீரங்கத்தின் அடிமனை தீர அரசும் நீதிமன்றமும் வரவேண்டும். படூரில் வீதி கிடைக்கச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால்கூடத் தொடங்கிவிடும். குடியிருப்புக்குப் பின்னால் ஊர்த் தெருவும் பெட்டிக் கடையும் டீக்கடையும் இருக்கும் இடங்களில்கூட நடுவில் மதில் நிற்கிறது, கேட்டோ ஓ.எம்.ஆர். பக்கம் மட்டும். அந்தப் பின்மதிலில் ஒரு திட்டிவாசல் வைத்து, பகலில் ஒரு காவலாளியை உட்கார வைத்தால், காரை எடுக்காமல் பால் வாங்கப் போய்வரலாம்.