கறுப்புச் சதுரத்தின் அடியில்

1915 டிசம்பரில் பெத்ரோகிராத் நகரில் '0,10' என்ற பெயரில் ஓர் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. அதில் கசிமீர் மாலெவிச் தம்முடைய 'கறுப்புச் சதுர'த்தை இரு சுவர்கள் கூடும் மேல்மூலையில் மாட்டினார். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவ இல்லங்களில் திருவுருவப் படத்துக்கு உரிய மூலை அது. உருவத்தைத் துறந்த ஓவியம் உருவ வழிபாட்டின் பீடத்திலேயே அமர்ந்துகொண்டது. மாலெவிச்சை மறுவாசிப்புச் செய்ய முனைவோர் இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கலைப்படைப்பின் வழிபாட்டு மதிப்பு தேய்ந்து காட்சி மதிப்பு மேலோங்குவதை 1936இல் வெளியான தம் கட்டுரையில் வால்ட்டர் பெஞ்சமின் விவரித்தார். கறுப்புச் சதுரம் இந்தப் பாதையில் எதிர்த்திசையில் நடந்தது எனலாம். மாணவர்கள் அதைச் சின்னமாகச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டனர். 1935இல் மாலெவிச் இறந்தபோது அவர் உடலுக்கு மேலே அச்சதுரமே தொங்கியது.

அது தன்னைச் சுழியமாக, எதற்கும் கடன்படாத தொடக்கமாக அறிவித்துக்கொண்டது. முன்னோடிக் கலையின் இத்தகைய தூய தொடக்கம் ஒரு தொன்மமே என்று 1981இல் ரோசலிண்ட் கிராஸ் வாதிட்டார். மாலெவிச் தம் ஓவியத்துக்கு 1913 என்று முன்தேதியிட்டதையும், 1929இல் அதையே மீண்டும் வரைந்ததையும் இவ்வாதத்தோடு இணைத்துப் பார்க்கலாம். சுழியத்துக்கும் பிரதிகள் உண்டு.

2015இல் மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் காட்சியக ஆய்வாளர்கள் கறுப்பு வண்ணத்தின் அடியில் வேறு இரு வண்ண ஓவியங்கள் இருப்பதை அறிவித்தனர். வெள்ளை விளிம்பில் இருந்த மங்கலான எழுத்துகளை, இருட்குகைக்குள் கறுப்பர்கள் போரிடுவதைக் குறிக்கும் தொடராகப் படித்தனர். பிரெஞ்சு நகைச்சுவையாளர் அல்ஃபோன்ஸ் அலே 1897இல் வெளியிட்ட ஒரு கரிய செவ்வகத்தின் தலைப்பை அது நினைவூட்டுகிறது. அவ்வெழுத்து மாலெவிச்சின் கைப்பட எழுதியதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

எழுதியவர் எவராயினும், அந்தச் சிரிப்பின் அரசியலை நாம் கடந்துபோக இயலாது. கறுப்பு மனிதர்களைக் காணமுடியாதவர்களாக்கி நகைத்த ஐரோப்பிய மரபின் தடம், அனைத்து மனிதருக்கும் பொதுவான வடிவம் என்று கொண்டாடப்பட்ட படைப்பின் விளிம்பில் காணக்கிடைக்கிறது. பொதுமை என்று நாம் பயின்றது யாருடைய பொதுமை என்னும் வினாவை அது எழுப்புகிறது.

இதனால் மாலெவிச்சைத் தள்ளிவைக்க வேண்டுமா? 1930இல் சோவியத் அரசு அவரைக் கைது செய்து விசாரித்தது; பின்னர் பல பத்தாண்டுகள் கறுப்புச் சதுரம் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படவில்லை. ஆள்வோர் சொன்னதை மட்டும் வரைய மறுத்த ஒரு கலையின் வலிமைக்கு அதுவே சான்று. அந்த எதிர்ப்பும் விளிம்பின் நகையும் ஒரே துணியில்தான் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கும் வாசிப்பு, கறுப்புக்கு மேல் இன்னொரு பூச்சாகவே அமையும். வெடிப்புகள் ஓடிய அப்பரப்பை வெடிப்புகளோடு பார்க்கப் பழகுவதே இன்று நம் முன்னுள்ள பணி.