டாக்டர் ஆஃப் ஆடியாலஜி

அமெரிக்காவில் கேட்பியல் வல்லுநராகப் பணியாற்றுவதற்கான தொழில்முறை முனைவர் பட்டம். இளநிலைப் பட்டத்துக்குப் பின் பெரும்பாலும் 4 ஆண்டுகள், சில பல்கலைக்கழகங்களில் 3 ஆண்டுகள் படிக்க வேண்டும். பிஎச்.டி. ஆய்வாளரை உருவாக்குகிறது, இது நோயாளியை நேரில் பார்ப்பவரை உருவாக்குகிறது. பட்டம் பெற்றவர் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் அல்லர்.

இரண்டாம் உலகப் போரில் செவித்திறன் இழந்த வீரர்களின் மறுவாழ்வுப் பணியிலிருந்து இத்துறை வளர்ந்தது. பென்சில்வேனியாவின் டெஷான் ராணுவ மருத்துவமனையில் அப்பணியைச் செய்த ரேமண்ட் கார்ஹார்ட், பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். அன்று முதுநிலைப் பட்டம் போதுமானதாக இருந்தது.

பிறகு வேலை பெருகியது. செவி நரம்பின் மின்னலைகளைப் பதியும் சோதனை வந்தது. உட்செவி தானே மெல்லிய ஒலி எழுப்புவதை 1978இல் டேவிட் கெம்ப் வெளியிட்டார். 1984இல் உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவி அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. தலைச்சுற்றல் சோதனைகளும் சேர்ந்துகொண்டன. முதுநிலைப் படிப்பின் இரண்டு ஆண்டுகளில் இவற்றைப் படித்துவிடலாம், கை பழகாது. முனைவர் பட்டக் கோரிக்கையின் உண்மையான நியாயம் இதுதான். பட்டப்பெயரின் மதிப்பு இரண்டாம்பட்சம். 1988இல் கேட்பியலாளர் மாநாடு ஒன்று முனைவர் பட்டத்தைப் பரிந்துரைத்தது. 1990களின் நடுவில் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட சில இடங்களில் வகுப்புகள் தொடங்கின. அடுத்த பத்தாண்டுகளில் முதுநிலைப் படிப்புகள் இதற்கு வழிவிட்டன. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் பலர் தொலைநிலைக் கல்வி வழியாக இப்பட்டம் பெற்றனர்.

ஒலியியல், செவியின் உடற்கூறு, செவிக்கருவி, சமநிலை, குழந்தைக் கேட்பியல் ஆகியவை பாடங்கள். முதலாண்டிலேயே கிளினிக் பயிற்சி தொடங்கிவிடும். 4 ஆண்டுப் படிப்பில் இறுதியாண்டு முழுவதும் மருத்துவமனையிலோ தனியார் கிளினிக்கிலோ மூத்தவர் மேற்பார்வையில் கழியும். படிப்பின் உயிர் அந்த ஆண்டுதான். பச்சிளங்குழந்தை தூங்கும் நேரத்துக்குள் தலையில் மின்முனைகள் ஒட்டி, அலைகளைப் பதிந்து, எது உண்மையான அலை, எது அசைவால் வந்த இரைச்சல் என்று பிரித்தறிய வேண்டும். பின் வெளியே காத்திருக்கும் பெற்றோரிடம் முடிவைச் சொல்ல வேண்டும். எப்போது நிறுத்தி அவர்களை அழவிடுவது, எப்போது அடுத்த வழியைப் பேசுவது என்பதை வகுப்பறை கற்றுத்தராது.

பிராக்சிஸ் எனும் தேசியத் தேர்விலும் தேற வேண்டும். பணிபுரிய உரிமம் வழங்குவது மாநில அரசு.

படிப்பின் பெருங்குறை செலவு. இறுதியாண்டில் முழுநேரம் உழைப்பவருக்குப் பல இடங்களில் உதவித்தொகை சொற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை. கல்விக் கட்டணம் மட்டும் தொடர்கிறது. இதனால் வசதி குறைந்த மாணவர்கள் கடனோடு பணியில் நுழைகிறார்கள். 3 ஆண்டுப் படிப்புகள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.