பரிசு பெற்ற புத்தகம் எல்லாம் நம் குழந்தைக்கான புத்தகமா?
நியூபெரி பதக்கத்தின் வரலாறு

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் குடியிருப்பில் பெற்றோர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "லீவுக்குப் பசங்களுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?" கடையிலும் சரி, ஆன்லைனிலும் சரி, ஆங்கிலப் புத்தகம் என்றால் முதலில் கண்ணில் படுவது அட்டையில் இருக்கும் வட்டமான தங்க முத்திரைதான். விருது வாங்கியது, நம்பி வாங்கலாம் என்று எடுத்துவிடுகிறோம். ஆனால் பல புத்தகங்கள் பத்துப் பக்கம் தாண்டாமல் அலமாரிக்குப் போய்விடுகின்றன. அந்த முத்திரை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் விளங்கும்.

பந்தும் புத்தகமும்

18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் நியூபெரி என்றொரு புத்தக வியாபாரி இருந்தார். குழந்தைகளுக்கான புத்தகம் என்றாலே பாடமும் உபதேசமும்தான் என்றிருந்த காலம் அது. 1744இல் அவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். விலை ஆறு பென்ஸ். இன்னும் இரண்டு பென்ஸ் கொடுத்தால் பையன்களுக்கு ஒரு பந்து, பெண் குழந்தைகளுக்குக் குண்டூசி குத்திவைக்கும் ஒரு குட்டித் திண்டு. இன்று சிப்ஸ் பாக்கெட்டோடு பொம்மை தருகிறார்களே, அதன் மூதாதை என்றே சொல்லலாம். குழந்தை சந்தோஷமாகப் படிக்க வேண்டும் என்று நினைத்த முதல் பதிப்பாளர்களில் அவர் ஒருவர்.

பரிசு பிறந்தது

1921இல் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் மெல்ச்சர் என்ற புத்தகத் துறைப் பத்திரிகையாசிரியர், நூலகர்களின் மாநாட்டில் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வோர் ஆண்டும் சிறந்த குழந்தை நூலுக்கு ஒரு பதக்கம் கொடுப்போம், அதற்கு நியூபெரியின் பெயரை வைப்போம் என்றார். குழந்தைகளுக்கு எழுதுவது இரண்டாம்தர வேலை என்று எண்ணப்பட்ட நாட்களில், நல்ல எழுத்தாளர்களை அந்தப் பக்கம் இழுப்பதே அவர் நோக்கம். அடுத்த ஆண்டே முதல் பதக்கம் வழங்கப்பட்டது. நூலகர்கள் போட்ட 212 வாக்குகளில் 163 வாங்கி வென்றது, ஹென்ட்ரிக் வில்லெம் வான் லூன் எழுதிய மனிதகுல வரலாறு.

ஏழாவது பதக்கம், 1928இல், ஓர் இந்தியருக்குப் போனது நம்மில் பலருக்குத் தெரியாது. கல்கத்தா அருகே பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தன் கோபால் முகர்ஜி எழுதிய 'கே-நெக்' என்ற நூல் அது. கல்கத்தாவில் வளரும் ஒரு புறா, முதல் உலகப் போரில் இந்தியப் படையோடு பிரான்ஸ் போர்முனைக்குத் தூது போகும் கதை.

தவறிய தங்கம்

1953இல் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. பண்ணையில் வளரும் பன்றிக்குட்டியை ஒரு சிலந்தி காப்பாற்றும் கதையான ஈ. பி. ஒயிட்டின் 'சார்லட்ஸ் வெப்' அந்த ஆண்டு போட்டியில் இருந்தது. தங்கம் அதற்குக் கிடைக்கவில்லை. பெரு நாட்டு மலைகளில் லாமா மேய்க்கும் சிறுவனைப் பற்றி ஆன் நோலன் கிளார்க் எழுதிய நூல் வென்றது. சிலந்திக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்தான். இன்று உலகெங்கும் குழந்தைகள் தேடிப் படிப்பது எதை என்று சொல்லத் தேவையில்லை.

நடுவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குழந்தைகளிடம் செல்வாக்கு உள்ளதா என்பதை இந்தப் பரிசு பார்ப்பதில்லை. அதன் விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. எழுத்தின் தரத்தைப் பெரியவர்கள் எடைபோடுகிறார்கள், அவ்வளவுதான்.

"ஏன் எல்லாரும் வெள்ளையா இருக்காங்க?"

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், முந்தைய மூன்றாண்டுகளில் வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தை நூல்களை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது வந்த நூல்கள் 6.7 சதவீதம் மட்டுமே. படங்களில் இருப்பவர்கள் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருப்பது ஏன் என்று ஓர் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்டதைச் சொல்லித்தான் அவர் தம் கட்டுரையைத் தொடங்கினார். 1923இல் பதக்கம் வாங்கிய டாக்டர் டூலிட்டில் கதையிலேயே கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டும் பகுதிகள் இருந்தன. பிந்தைய பதிப்புகளில் அவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் நியூபெரி பதக்கம் வாங்கியது 1975இல்தான். அவர் வர்ஜீனியா ஹாமில்டன்.

அந்தச் சிறுமியின் கேள்வி நமக்கும் பொருந்தும். நம் பிள்ளைகள் படிக்கும் புத்தகங்களில் பனி பெய்கிறது, கேக் வேகிறது. நம் தெருவும், நம் தாத்தா பாட்டியும், நம் ஊர்ப் பேச்சும் எத்தனை புத்தகத்தில் வருகின்றன? தன்னைப் போன்ற ஒரு குழந்தையை ஒரு புத்தகத்திலும் பார்க்காத பிள்ளை, கதை என்பது வேறு யாருக்கோ நடப்பது என்றே நினைத்துக்கொள்ளும்.

வாங்கும் முன்

முதலில் வயதைப் பாருங்கள். நியூபெரி பதக்கம் 14 வயது வரையிலான வாசகர்களுக்கான நூல்களைக் கணக்கில் கொள்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கனமாக இருக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு 1938 முதல் படப் புத்தக ஓவியர்களுக்கு வழங்கப்படும் கால்டிகாட் பதக்க நூல்கள் ஏற்றவை.

இரண்டாவது, வெள்ளி முத்திரையை விட்டுவிடாதீர்கள். 'சார்லட்ஸ் வெப்' அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, பிள்ளையையே நடுவில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் புரியவில்லை என்றால், அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டலாம். தனியாகப் படிக்க அடுத்த ஆண்டு கொடுக்கலாம்.

நான்காவது, தமிழையும் கூடையில் சேருங்கள். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய விருது வழங்கி வருகிறது. தமிழில் முதலில் பெற்றது மா. கமலவேலனின் 'அந்தோனியின் ஆட்டுக்குட்டி'. 2020இல் பெற்றது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'; தவறான தொடுதல் பற்றிக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று தயங்கும் பெற்றோருக்கு அது கைகொடுக்கும்.

பரிசுப் பட்டியல் நல்ல புத்தகங்களை நம் வாசல் வரை கொண்டுவரும். அதில் எதை உள்ளே அழைப்பது என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை திரும்பத் திரும்பப் படித்த ஒரு புத்தகத்தின் பெயரை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் நம் குடியிருப்பின் பட்டியலையே போட்டுவிடலாம்.