ஏழடிக் குழலும் இரண்டடிக் குழலும்

பெயர் மாறாதிருக்கப் பொருள் மட்டும் மாறிவிடுவது சொற்களுக்கே உரிய இயல்பு அன்று. இசைக் கருவிகளுக்கும் அது நேர்வதுண்டு. ஐரோப்பியரின் டிரம்பெட் அதற்குத் தக்க சான்று. ஜெர்மானிய இசை மேதையாகிய யோஹான் செபாஸ்தியன் பாக், 1721-ஆம் ஆண்டு பிராண்டன்பர்க் சிற்றரசர் ஒருவருக்கு ஆறு கான்சர்ட்டோக்களை எழுதிக் காணிக்கையாக்கினார். அவற்றுள் இரண்டாவதில் டிரம்பெட்டுக்கு மிக உயர்ந்த ஸ்தாயியில் அரியதொரு பகுதியை அமைத்தார். அவர் மனத்திலிருந்த கருவி வேறு. இன்று கடைகளில் அதே பெயரால் விற்கப்படும் கருவி வேறு. ஆகவே, இப்படைப்பை இன்று மேடையேற்ற விரும்பும் கலைஞர் எந்த டிரம்பெட்டைக் கையிலெடுப்பது? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் முந்நூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றையே இங்கு காண்போம்.

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தை ஐரோப்பிய இசை வரலாற்றில் பரோக் காலம் என்பர். கான்சர்ட்டோ என்பது அக்காலத்தில் வளர்ந்து செழித்த இசை வடிவம். தனிக்கருவி ஒன்றோ சிலவோ முன்னின்று வாசிக்க, வாத்தியக் குழு அதற்கு மறுமொழி கூறுவதுபோல் தொடர்ந்து வரும். இத்தாலியின் பொலோனா நகரத்துப் பெரிய தேவாலயத்தில் டொரெல்லி என்பார் வயலின் குழுவோடு டிரம்பெட்டை இணைத்துப் பல படைப்புகளை இயற்றினார். ஜெர்மனியில் டெலமானும் பாக்கும் அவ்வழியை மேலும் விரிவாக்கினர்.

அக்கால டிரம்பெட் ஏறத்தாழ 7 அடி நீளமுள்ள பித்தளைக் குழல். தூக்கிப் பிடிக்க வசதியாக அதை மடித்தோ சுருட்டியோ வைத்திருப்பார்கள். ஒரு முனையில் ஊதுவாய். மறுமுனையில் விரிந்த வாய். இவற்றுக்கிடையே துளையும் இல்லை. விரலால் அழுத்தும் விசையும் இல்லை. நம் கோயில்களில் ஒலிக்கும் எக்காளமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இத்தகைய குழலில் ஊதுபவர் விரும்பிய ஸ்வரத்தையெல்லாம் எழுப்ப முடியாது. குழலின் நீளம் எவ்வொலிகளை அனுமதிக்கிறதோ அவையே எழும். அவற்றை ஓர் ஏணியின் படிகளாகக் கொள்வோம். முதற்படி ஆதார ஷட்ஜமானால், இரண்டாம் படி அதன் மேல் ஷட்ஜம், மூன்றாவது பஞ்சமம், நான்காவது மீண்டும் ஷட்ஜம், ஐந்தாவது காந்தாரம். கீழே படிகளுக்கிடையே இடைவெளி மிகுதி. ஆகவே அங்கே போர்முழக்கமும் அரசர் வருகை அறிவிப்பும் ஊதலாமேயன்றி, பாடல் ஊத இயலாது. மேலே செல்லச் செல்லப் படிகள் நெருங்குகின்றன. எட்டாம் படிமுதல் பதினாறாம் படிவரை ஒரு முழு ஸ்தாயிக்குள் ஸ்வரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கேதான் இசை பிறக்கிறது.

ஆனால் அம்மேல்தளத்தில் நடமாடுவது எளிதன்று. படிகள் நெருங்கி நிற்பதால் உதட்டின் இறுக்கம் சிறிதளவு தவறினாலும் ஒலி அடுத்த படிக்குத் தாவிவிடும். மேலும், எல்லாப் படிகளும் சுருதிக்கு இசைந்தவை அல்ல. பதினோராம் படி, நாம் சுத்த மத்தியமம் என்றும் பிரதி மத்தியமம் என்றும் கூறும் இரண்டுக்கும் இடையில் விழுகிறது. பதின்மூன்றாம் படியும் அவ்வாறே இரு தைவதங்களுக்கு நடுவே நிற்கிறது. இயற்கை அளித்த இக்கோணல்களை உதட்டாலும் மூச்சாலும் வளைத்து நேராக்குவதே அக்காலக் கலைஞரின் பெருந்திறமை. உயர்ந்த பகுதியை வாசிக்கும் இக்கலைக்குக் கிளாரினோ என்று பெயர்.

இத்திறமை பரம்பரைச் செல்வமாகக் காக்கப்பட்டது. 1623-இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டு, டிரம்பெட் கலைஞருக்கும் முரசறைவோருக்கும் தனி உரிமைச் சாசனம் ஒன்றை வழங்கினார். அவர்தம் சங்கத்தில் சேராதவர் அத்தொழிலை மேற்கொள்வதற்குத் தடைகள் இருந்தன. குருவிடம் பயின்று தேறியவரே தொழிலுக்கு உரியவர். கலையின் நுட்பங்கள் வெளியாரிடம் செல்லாதபடி காப்பதும் சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. இவ்வாறு காத்த கலை பிற்காலத்தில் விரைந்து மறைவதற்கும் அக்கட்டுப்பாடே ஓரளவு காரணமாயிற்று எனலாம். வாய்மொழியாகவே வழங்கிய வித்தை, வாய்கள் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடுகிறது.

அக்கலைஞருள் ஒருவரை நாம் தனியே நினைவுகூர வேண்டும். அவர் லைப்சிக் நகர வாத்தியக்காரராயிருந்த காட்ஃபிரீட் ரைகே. 1667-இல் பிறந்தவர். 1723-இல் பாக் அந்நகருக்குத் தேவாலய இசைத் தலைவராக வந்தபோது, அவருடைய டிரம்பெட் பகுதிகளை வாசிக்கும் பொறுப்பு ரைகேயுடையதாயிற்று. ஹவுஸ்மன் என்னும் ஓவியர் தீட்டிய ரைகேயின் உருவப்படம் இன்றும் உள்ளது. ஒரு கையில் இசைத்தாளும் மறு கையில் வட்டமாகச் சுருட்டிய டிரம்பெட்டுமாக அவர் நிற்கிறார். 1734 அக்டோபர் 5-ஆம் நாள் இரவு, சாக்ஸனி நாட்டு மன்னர் முன்னிலையில் பாக் இயற்றிய இசை திறந்த வெளியில், தீவட்டி வெளிச்சத்தில் நிகழ்ந்தது. மறுநாள் ரைகே வீதியில் வீழ்ந்து உயிர் நீத்தார். முன்னிரவு ஊதிய கடும் உழைப்பும் தீவட்டிப் புகையும் அவர் உடலை வருத்தின என்று அக்கால நகரக் குறிப்பு கூறுகிறது. அந்த இசை மனித உடலிடம் எவ்வளவு கேட்டது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை.

கருவியின் எல்லைகளை அறிந்தே அக்கால ஆசிரியர்கள் எழுதினர் என்பதையும் மாணவர்கள் கவனித்தல் நலம். பாக்கின் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்சர்ட்டோவில் மெதுவான நடுப்பகுதி முழுவதும் டிரம்பெட் மௌனமாயிருக்கிறது. டெலமானின் டி-மேஜர் கான்சர்ட்டோவிலும் மூன்றாம் பகுதியில் அது ஒலிப்பதில்லை. அப்பகுதிகள் வேறு ஆதார ஸ்வரத்துக்கு மாறிச் செல்கின்றன. டிரம்பெட்டின் ஏணியில் அதற்கு வேண்டிய படிகள் இல்லை. மேலும், ஊதிக் களைத்த உதடுகளுக்கு ஓய்வும் கிடைத்தது. இயலாமையாகிய ஒன்று இலக்கணமாகவே மாறிற்று. டிரம்பெட் மீண்டும் நுழையும் போது கேட்போர் அடையும் மகிழ்ச்சி, முன்னர் நிலவிய அந்த மௌனத்தின் பயனன்றோ!

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசையின் சுவை மாறியது. உயர்ந்த ஸ்தாயி டிரம்பெட் வழக்கொழிந்தது. 1789-இல் மோட்சார்ட், ஹாண்டெலின் 'மெசையா' என்னும் படைப்பைத் தம் காலத்துக்கேற்பத் திருத்தியமைத்தபோது, அதன் புகழ்பெற்ற டிரம்பெட் பாடலைச் சுருக்கி வேறு வகையாக அமைக்க நேர்ந்தது. இயற்றப்பெற்று ஐம்பது ஆண்டுகள் கூட நிறைவுறாத பாடல் அது! இதற்கிடையே புதிய முயற்சிகள் தோன்றின. வியன்னாவில் வைடிங்கர் என்பவர் குழலில் துளையிட்டு மூடிகள் பொருத்தினார். அவருக்காகவே ஹைடன் 1796-இல் தம் கான்சர்ட்டோவை இயற்றினார். 1818-இல் ஷ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்னும் இருவர் வால்வுக்குப் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்றனர். வால்வை அழுத்தினால் குழலோடு கூடுதல் நீளம் இணைகிறது. ஏணி முழுவதுமே ஒரு படி கீழிறங்குகிறது. பல ஏணிகள் ஒருங்கே கிடைத்தமையால் எல்லா ஸ்வரங்களும் கைக்கு எட்டின. மேல்தளத்துக்கு ஏற வேண்டிய தேவை இல்லாமற்போகவே, குழலும் நாளடைவில் நாலரை அடி அளவுக்குக் குறுகிற்று. பழைய வித்தை முற்றும் மறைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்கின் இசை புத்துயிர் பெற்றது. தாள்கள் கிடைத்தன, வாசிப்பவர் கிடைக்கவில்லை. சிலர் டிரம்பெட் பகுதியைத் தாழ்த்தி எழுதினர். சிலர் வேறு கருவிக்குக் கொடுத்தனர். இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1950-இல் பிரான்சு நாட்டுப் பிராட் நகர விழாவின்போது, பாப்லோ கசல்ஸ் என்னும் பெருங்கலைஞர் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்சர்ட்டோவின் டிரம்பெட் பகுதியைச் சாக்ஸபோனைக் கொண்டே நிறைவேற்றினார்.

இதனிடையே 1884-இல் ஐசனாக் நகரில் பாக்கின் சிலை திறக்கப்பட்டபோது, ஜூலியஸ் கோஸ்லெக் என்பவர் நீண்டு நிமிர்ந்த டிரம்பெட் ஒன்றால் உயர்ந்த பகுதிகளை வாசித்து வியப்பூட்டினார். மறு ஆண்டு லண்டனிலும் வாசித்தார். பாக் காலத்துக் கருவியே மீண்டு வந்துவிட்டது என்று மக்கள் எண்ணினர். 'பாக் டிரம்பெட்' என்ற பெயரும் நிலைத்தது. உண்மையில் அது இரண்டு வால்வுகள் கொண்ட புதுக்கருவி. பழைய குழலினும் மிகக் குட்டையானது. நேராக நின்ற அதன் தோற்றமே பழமையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தான் விரும்பும் பழமையைத் தானே படைத்துக்கொள்கிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவ்வழியில் குழல் மேலும் குறுகி, இருபதாம் நூற்றாண்டில் பிக்கலோ டிரம்பெட் ஆயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ இரண்டேகால் அடி; பெரும்பாலும் நான்கு வால்வுகள். ஏழடிக் குழலில் பதினாறாம் படியில் நிற்கும் ஸ்வரம் இதில் ஐந்தாம் படியிலேயே கிட்டும். படிகளின் இடைவெளி அகன்றிருப்பதால் தவறும் அச்சம் குறைவு. பிரான்சு நாட்டில் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த மாரிஸ் ஆந்த்ரே (1933–2012), இக்கருவியால் பரோக் கான்சர்ட்டோக்களை உலகெங்கும் ஒலிக்கச் செய்தார். மறைந்துகிடந்த இசைச் செல்வத்தைப் பல்லாயிரம் செவிகளுக்குக் கொண்டுசேர்த்த பெருமை அவருக்கும் பிக்கலோவுக்கும் உரியது.

எனினும் சிலர் மனம் அமைதி கொள்ளவில்லை. 1960-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் ஷ்டைன்கோப், ஃபிங்கெ என்போர், ரைகேயின் ஓவியத்திலுள்ள கருவியைப் போன்ற சுருள் டிரம்பெட்டைச் செய்தனர். ஆனால் அதில் சிறு துளைகளையும் அமைத்தனர். துளையைத் திறந்தால் கோணலான படிகள் சீராகும். ஒலி தவறித் தாவுவதும் குறையும். இன்று பழங்கருவிக் குழுக்களில் வாசிப்போர் பெரும்பாலும் இத்துளைகள் உள்ள நீண்ட குழலையே கையாளுகின்றனர். பாக் காலத்து ஜெர்மானிய டிரம்பெட்டுகளில் இத்துளைகள் இருந்ததில்லை என்பதால், துளையே இல்லாத குழலை உதட்டின் வன்மையால் மட்டும் ஆளவேண்டும் என்று முயன்று வென்றவர்களும் உளர்.

இனி நம் வினாவுக்கு வருவோம். பாக்கின் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்சர்ட்டோவில் டிரம்பெட்டோடு சமமாக நிற்பவை ரெக்கார்டர் என்னும் மரக்குழலும், ஓபோவும், வயலினும். ரெக்கார்டரின் ஒலியோ மிக மெல்லியது. பிக்கலோவின் கூரிய ஒலி அதை எளிதில் மூடிவிடும். அதனால்தான் பலர் ரெக்கார்டருக்குப் பதிலாக வன்மைமிக்க புல்லாங்குழலை அமர்த்தினர். ஒரு கருவியை மாற்றினால் அடுத்ததையும் மாற்றவேண்டியதாகிறது. ஏழடிக் குழலின் குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட டிரம்பெட், உயர்ந்த ஸ்தாயியில் மென்மையாகவும் பாட வல்லது. மற்ற மூன்றையும் கேட்கவிட்டுத் தானும் கேட்கப்படும். பாக் ஏன் இந்நான்கையும் ஒருங்கே நிறுத்தினார் என்பது அப்போது செவிக்கே விளங்குகிறது.

ஆயினும் நீண்ட குழலே எங்கும் ஏற்றது என்று முடிவுகட்டிவிடலாகாது. பழங்கருவிக் குழுக்கள் பெரும்பாலும் வினாடிக்கு 415 அதிர்வுகள் என்னும் தாழ்ந்த சுருதியை வைத்துக்கொள்கின்றன. இக்கால வாத்தியக் குழுக்களின் சுருதி 440 அளவில் உள்ளது. எஃகுத் தந்திகள் பூண்ட வயலின்களின் நடுவே, பெரிய மண்டபத்தில், இக்காலச் சுருதியில் வாசிக்க நேரும் கலைஞருக்குப் பிக்கலோவே உற்ற துணை. நரம்புத் தந்திகளோடும் ரெக்கார்டரோடும் சிறிய கூடத்தில் வாசிப்பவர் நீண்ட குழலை நாடுதல் முறை. டிரம்பெட்டைத் தனியே தேர்ந்தெடுக்க முடியாது. அது யாரோடு பேசப் போகிறதோ அவர்களையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

ஆனால் பிக்கலோவை ஏந்துபவரும் ஏழடிக் குழலை ஒருமுறையேனும் ஊதிப் பார்த்தல் வேண்டும். எந்த ஸ்வரத்தில் பழங்கலைஞர் அஞ்சினார், எங்கே மூச்சுவாங்கினார், எந்த மௌனம் அவருக்கு வரமாயிருந்தது என்பவை அப்போதுதான் புலப்படும். புதிய கருவி அந்த இடர்களை நீக்கித் தந்தது பேருதவியே. எனினும் அவ்விடர்களை எதிர்நோக்கியே அவ்விசை எழுதப்பட்டது என்பதை மறந்தால், தாளில் உள்ள ஸ்வரங்கள் மட்டும் நமக்குக் கிட்டும். அவற்றின் உயிர் கிட்டாது. பழைய ஏடுகளைப் படிக்க அக்காலச் சொல்வழக்கை அறிய விழைகிறோம் அல்லவா? பழைய இசையைக் கேட்க அக்காலக் குழலை அறிவதும் அத்தகைய கல்வியே ஆகும்.