கேள்வி யாருடையது? தமிழில் விவிலியத் தொடக்கக் கல்வி, 1542 முதல் 1995 வரை

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளின் வரலாறு ஓரளவு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. சீகன்பால்கு, பப்ரிசியஸ், இரேனியஸ், பவர் என்ற வரிசையைக் கல்லூரி மாணவரும் ஒப்பித்துவிடுவார். அந்த நூலைப் புதிதாகக் கற்க வந்தவரின் கையில் முதலில் எது கொடுக்கப்பட்டது, அவர் அதை எப்படிப் படித்தார் என்ற பேச்சு மிகக் குறைவு. மொழிபெயர்ப்பாளருக்குப் பெயரும் கல்லறையும் உண்டு. தொடக்க மாணவருக்கு இரண்டும் இல்லை என்பது ஒரு காரணமாகலாம்.

கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பெரும்பாலான காலம் தொடக்க மாணவருக்கு முதலில் கொடுக்கப்பட்டது வேறு பாடம். விவிலியம் அதற்குப் பின்னால்தான் வந்தது. பெரும்பாலும் அந்த முதற்பாடம் வினாவிடை வடிவில் இருந்தது. அதில் வினவுபவர் யார், விடை சொல்பவர் யார் என்பது காலந்தோறும் மாறியிருக்கிறது. விவிலியக் கல்வியின் வரலாற்றை அந்த மாற்றத்தின் வழியே படிக்கலாம் என்பது என் கருத்து.

செவிவழிப் பாடம்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் சந்தித்த பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தவர்கள். சமயத்தின் அடிப்படை அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கவில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்த சிலரை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, தாமே மனனம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்ததாக 1544ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதுகிறார். கற்ற பிள்ளைகள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் அதையே சொன்னார்கள். ஆசிரியரும் மனனம், மாணவரும் மனனம். நடுவில் ஏடு கிடையாது.

1554இல் லிஸ்பனில் அச்சான கார்த்தில்யா என்ற தொடக்கப் பாடநூல் தமிழை உரோமன் எழுத்தில் தருகிறது. அதைப் பார்த்து வாசிக்கக்கூடியவர் தமிழ்நாட்டு மாணவர் அல்லர். அவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கப்பலேறிய போர்த்துக்கீசியர். மாணவரின் சொந்த எழுத்தில் நூல் வர 1578 ஆயிற்று. கொல்லத்தில் அச்சான ஹென்றீக் ஹென்றீக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம். மறுஆண்டு கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ அதைவிடப் பல மடங்கு பெரியது. போர்த்துக்கல்லில் மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய வினாவிடையைத் தழுவிய நூல் அது. அதில் குரு வினவுகிறார், சீடர் விடை சொல்கிறார்.

இந்த அமைப்பு தமிழ்ச் சூழலுக்கு எவ்வளவு புதிது என்பது கவனிக்கப்படாமல் போய்விட்டது. வினாவிடையாகச் சமயம் கற்பது தமிழருக்குப் பழக்கமானதுதான். 13ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங்கடந்தார் இயற்றிய ‘உண்மை விளக்கம்’ முழுவதும் அப்படியே நடக்கிறது. ஆனால் அங்கே ஐயம் சீடருடையது. தத்துவங்கள் யாவை, ஆணவம் எது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, குரு அவிழ்த்துக்கொண்டே போகிறார். கிறிஸ்தவ வினாவிடை இதைத் தலைகீழாக்கியது. கேள்வி ஆசிரியரிடம் போயிற்று. அது ஐயம் என்ற நிலையிலிருந்து தேர்வு என்ற நிலைக்கு மாறியது. அடுத்துச் சொல்லப்போவதெல்லாம் இந்த இடமாற்றத்தின் பின்விளைவுகளே.

கத்தோலிக்கத் துறவியர் தமிழில் இத்தனை எழுதியும் விவிலியத்தை மொழிபெயர்க்க முனையாததற்குத் திருச்சபை வகுத்த வேலி முக்கியக் காரணம். 1564இல் உரோமையில் வெளியான தடைநூல் பட்டியலின் விதிகள் தாய்மொழி விவிலிய வாசிப்புக்கு மேலிடத்து அனுமதியைக் கட்டாயமாக்கின. எனவே விவிலியக் கதை வேறு வழிகளில் ஊருக்குள் வந்தது. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ புலவர்களுக்கு. இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகமும் கூத்தும் கடற்கரை மக்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் நின்றவர் வேதியர், அதாவது ஊரில் சமயம் கற்பித்தவர். அவர்களுக்காக வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்று தனி நூலே செய்தார். ஊருக்கு வாசிக்கக் கிடைத்த ஏடு அந்த மனிதர்தான்.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்து நிலை இன்னும் கறாரானது. கோயிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருந்தன. திருமுழுக்குக்கும் திருமணப் பதிவுக்கும் செபமும் கட்டளைகளும் தெரிந்திருக்க வேண்டும். மனனம் குடியுரிமைச் சீட்டாயிற்று. 1796இல் ஒல்லாந்தர் போனதும் பெயரளவுக் கிறிஸ்தவர் பெருந்தொகையாகக் கரைந்துபோனது வியப்பில்லை.

அச்சேறிய நூல்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழைக் கற்கத் தொடங்கியது மணலில். ஒரு முதிய வாத்தியாரின் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களோடு உட்கார்ந்து விரலால் எழுதிப் பழகினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார். நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சாயின. 1715இல் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க வேண்டியிருந்தது. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் வரை வந்து 1719இல் இறந்தார். பெஞ்சமின் சூல்ட்சே 1728இல் அதை நிறைவு செய்தார்.

விவிலியம் அச்சில் வந்துவிட்டது. மாணவரின் முதல் பாடம் மாறிவிட்டதா? இல்லை. 1707 முதல் நடந்த தரங்கம்பாடிப் பள்ளிகளில் பிள்ளை முதலில் மனனம் செய்தது மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை. இதென்ன என்ற கேள்வியும் அதற்கான விடையுமாக அது நடக்கும். சீர்திருத்தச் சபை விவிலியத்தை எல்லார் கையிலும் கொடுத்தது என்பது பாதி உண்மை. கொடுப்பதற்கு முன் அதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற வரம்பையும் சேர்த்தே கொடுத்தது. அதே 1714இல் ஜெர்மனியில் யோகான் ஹ்யூப்னர் வெளியிட்ட விவிலியக் கதைத் தொகுப்பு இதற்கு அடுத்த படி. 104 கதைகள், ஒவ்வொன்றின் கீழும் கேள்விகள், பிறகு படிப்பினை. இன்றைய ஞாயிறு பள்ளிப் பாடப்புத்தகத்தின் எலும்புக்கூடு அதில் அப்படியே தெரியும்.

மிஷனரிகளிடையே சீகன்பால்கு ஒரு விதத்தில் விலகி நிற்கிறார். தமிழ் இந்துக்களுக்கு வினாக்கள் எழுதியனுப்பி, வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் ஹாலேக்கு அனுப்பினார். அச்சான 99 கடிதங்களில் சில அவரையே திருப்பிக் கேட்கின்றன. பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்காத அந்த உரிமை, திருமுழுக்குப் பெறாத ஊர்ப்பெரியவருக்குக் கிடைத்தது.

தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் பாட்டைப் பாடமாக்கினார். அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’ போன்றவற்றால் எழுத்தறியாதவரும் விவிலியச் செய்தியைத் தம் இசைமரபில் கற்க முடிந்தது. நெல்லைச் சீமையில் 1820 முதல் இரேனியஸ் பாளையங்கோட்டையை மையமாக்கி ஊர்தோறும் செபவீடு, உபதேசியார், பள்ளி என்று அமைத்தபோது படிப்பும் வேதமும் ஒரே திண்ணையில் நடந்தன.

யாழ்ப்பாணத்தில் திரும்பிய வினா

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். யூக்ளிடும் வானியலும் கற்ற மாணவர் விவிலியத்தையும் பாடமாகவே கற்றார். கற்றவர்களில் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தவர், உறுதியான சைவர். ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கே வழியாகிறது, மதமாற்றத்துக்கு உதவவில்லை என்ற மதிப்பீட்டின்மேல் செமினரி 1855இல் மூடப்பட்டது. கல்வி தோற்கவில்லை, அதிலிருந்து எதிர்பார்த்த விளைவு வரவில்லை, அவ்வளவே.

இதைவிடக் கூர்மையான சான்று ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் நடத்திய மெதடிஸ்ட் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். அது 1850இல் வெளியாயிற்று. அதற்குள் நாவலர் விலகி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிவிட்டார். அங்கே பயன்பட்ட ‘பாலபாட’ வரிசையும் அவருடைய ‘சைவ வினாவிடை’யும் மிஷன் பள்ளியின் கருவியைச் சைவத்துக்குக் கொண்டுவந்தன. எண்ணிட்ட சிறு கேள்வி, ஓரிரு வரி விடை. இங்கே நாவலர் பின்பற்றியது ‘உண்மை விளக்க’த்து மரபை அன்று, கேள்வி ஆசிரியருடையதாக இருக்கும் அந்நிய அமைப்பை. சைவப் பிள்ளையும் இனித் தேர்வு எழுதும் பிள்ளை.

1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ இதன் மறுபக்கம். கோயில், விளக்கு, தூபம், பலி, தீட்டு என்று மிஷனரிகள் பழித்தவை பழைய ஏற்பாட்டிலும் விதிக்கப்பட்டிருப்பதை இடம் சுட்டிக் காட்டி விளக்கம் கேட்கிறார். விவிலியத்தை முழுமையாக, லேவியராகமத்தையும் விடாமல் படித்த ஒருவரால்தான் இது முடியும். ஞானோபதேசம் தாண்டிச் சென்று வினவிய முதல் பெரிய தமிழ் விவிலிய மாணவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்பேன். சபை வரலாறுகள் அவரை எதிரி என்ற தலைப்பில் வைப்பது கல்வி வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஞாயிறு பள்ளியும் அதற்குப் பிறகும்

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் தொழிற்சாலைச் சிறுவருக்காக நடத்திய ஞாயிறு பள்ளி எழுத்தறிவுப் பள்ளி. விவிலியம் அங்கே வாசிப்புப் புத்தகம். அன்றாடப் பள்ளிகள் பெருகியதும் எழுத்தறிவு வேலை போய்ச் சமயப் பாடம் மட்டும் மிஞ்சியது. 1872இல் அமெரிக்காவில் ஒப்புக்கொள்ளப்பட்ட சீர்பாடத் திட்டம் எல்லா வகுப்புக்கும் அந்தந்த ஞாயிறு ஒரே பகுதி என்றது. ஏழு ஆண்டில் விவிலியத்தைச் சுற்றி வரலாம். 1876இல் அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் உருவானது. தமிழ்ச் சபைகளில் மனப்பாட வசனம், கேள்வித்தாள், ஆண்டுத் தேர்வு, பரிசுப் புத்தகம் என்று இம்முறை வேரூன்றியது.

இதன் பயனை மறுக்க முடியாது. 1871இல் ஹென்றி பவரின் குழு தந்த மொழிபெயர்ப்பின் ஓசை தலைமுறைகளின் நாவில் தங்கியதற்கு மனப்பாட வசனம் பெருங்காரணம். இழப்பும் உண்டு. நூல் துண்டு துண்டாயிற்று. தாவீது கோலியாத்தை வீழ்த்தியதை அறிந்த பிள்ளைக்கு அவன் முதுமையில் பட்டதெல்லாம் தெரியாது. யோனா மீனின் வயிற்றோடு நின்றுவிடுவார். நினிவே தப்பியதற்காக அவர் கோபித்துக்கொண்ட இறுதிப் பகுதி பாடத்தில் வருவது அரிது. வினா எளிதில் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதால் பெயரும் எண்ணிக்கையும் கேட்கப்பட்டன. இன்றைய விவிலிய வினாடி வினாப் போட்டிகள் அதன் நேர்வாரிசுகள்.

கத்தோலிக்கர் வழி 1965இல் திரும்பியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, விவிலியத்தை விசுவாசிகள் அனைவருக்கும் அகலத் திறந்துவிடச் சொன்னது. திண்டிவனத்தில் இயங்கும் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இதற்கான தமிழ்ப் பட்டறையாயிற்று. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ 1995இல் வெளிவந்தது. ஒவ்வொரு நூலின் முன்னும் ஆசிரியர், சூழல், உள்ளடக்கப் பிரிவுகள் பற்றிய முன்னுரை, இடையிடையே தலைப்புகள், அடிக்குறிப்புகள் உண்டு. பதினாறே அதிகாரமுள்ள மாற்கு நற்செய்தியோடு தொடங்கும் புதிய வாசகர் யார் துணையுமின்றி ஓரளவு தூரம் போய்விடலாம்.

அதோடு அன்பியம் எனப்படும் சிறு கிறிஸ்தவக் குழுக்களின் கூட்டங்களில் தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையம் வகுத்த ஏழுபடி வாசிப்பு முறை வந்து சேர்ந்தது. ஒருவர் வாசிக்கிறார், தம்மைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் எடுத்துச் சொல்கிறார், மௌனம், பகிர்வு, ஊருக்குச் செய்யவேண்டியது என்ன என்ற பேச்சு. விடை தெரிந்த ஆசிரியர் என்று அங்கே ஒருவரும் இல்லை. 1579இல் குருவிடம் போன கேள்வி இந்தக் கூட்டங்களில்தான் சீடரிடம் திரும்பியிருக்கிறது, அதுவும் பெரியவர்களிடம் மட்டும். அதே பங்கில் ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு வினாவைத் தருபவர் இன்றும் ஆசிரியர்தான். ஆண்டுத் தேர்வின் மதிப்பெண்ணும் அந்த விடைக்கே.